எட்டு இலட்சம் ஆறு இலட்சமானது எப்படி? மலையக மக்களும் அரச புள்ளிவிபரங்களும்

2024 டிசம்பர் 19ஆம் திகதியை அடிப்படையாகக் கொண்ட குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின் இனவாரியான முடிவுகள் 2025இல் வெளியாகின. அன்றிலிருந்து மலையகத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படும் எண் 2.8. 2012இல் நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக இருந்த இந்தியத் தமிழர், இம்முறை "இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்" என்ற பெயரில் 2.8 வீதமாகக் குறைந்திருக்கிறார்கள். ஆட்களாகச் சொன்னால் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர், பன்னிரண்டு வருடங்களில் 6 இலட்சமாகியிருக்கிறார்கள்.

நான் ஹட்டனில் வசிக்கிறேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுவிட்டு, ஏறத்தாழ இருபது வருடங்களாகத் தோட்டப்புறப் பாடசாலைகளில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த எண் வெளியான வாரத்தில் பாடசாலையிலும் பள்ளிவாசல் வாசலிலும் தேநீர்க் கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "சேர், இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்?" கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். வெளிநாடு போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். வேண்டுமென்றே குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்றவர்களும் உண்டு.

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இதற்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். 2012இல் இலங்கைத் தமிழர் என்று பதிவானவர்கள் சுமார் 22 இலட்சத்து 69 ஆயிரம் பேர். 2024இல் அவர்கள் சுமார் 26 இலட்சத்து 81 ஆயிரம். 18 வீத அதிகரிப்பு. அதே காலத்தில் முழு நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்திலிருந்து 2 கோடி 17 இலட்சமானது; அதாவது 7 வீதம்தான் கூடியது. புலம்பெயர்வு தொடரும் ஒரு சமூகம் நாட்டின் வேகத்தைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் பிறப்பால் மட்டும் பெருகியிருக்க முடியாது. இரண்டு வரிகளையும் கூட்டிப் பாருங்கள். 2012இல் 31 இலட்சத்து 8 ஆயிரம், 2024இல் 32 இலட்சத்து 81 ஆயிரம். அதிகரிப்பு 5.6 வீதம். நாட்டின் சராசரிக்கு மிக அருகில் வந்துவிட்டது.

ஆகவே மக்களில் பெரும்பாலோர் எங்கும் போய்விடவில்லை. ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

ஏன் மாறினார்கள் என்பதும் புதிரல்ல. இனம் என்ற கேள்விக்கு விடை சொல்பவர் வீட்டிலிருப்பவர்தான். அக்கரப்பத்தனையில் பிறந்து, அங்கேயே பிறந்த தகப்பனுக்கும் பாட்டனுக்கும் வாரிசான ஓர் இளைஞன், "நான் ஏன் இந்தியத் தமிழன்?" என்று கேட்பதில் என்ன பிழை? பிறப்புச் சான்றிதழில் ஏற்கெனவே இலங்கைத் தமிழர் என்று பதிந்த குடும்பங்கள் நிறைய. கொழும்பில் வேலை தேடும்போது தோட்டத்து அடையாளம் இடையூறு என்று நினைப்பவர்களும் உண்டு. வன்முறைகளுக்குத் தப்பி வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல, ஒரு தலைமுறைக்கு முன்பே தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துவிட்டன. மறுபக்கம், மலையகத் தமிழர் என்ற பெயரே தமது வரலாறு என்று உறுதியாகச் சொல்பவர்களும் அதே லயத்தில் அடுத்த அறையில் இருக்கிறார்கள். அவரவர் விடை அவரவர்க்குச் சரி. ஆனால் அந்த விடைகளைக் கூட்டி வரும் 2.8 என்ற எண், யார் தம்மை எப்படி அழைக்க விரும்புகிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. எத்தனை பேர் லயன் அறையில் தூங்குகிறார்கள் என்பதை அது அளக்கவில்லை. கொழும்பில் இருக்கும் ஓர் அதிகாரி முதலாவதை இரண்டாவதாக வாசித்துவிட்டால், "தேவையுள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள், வீடும் ஆசிரியர் நியமனமும் குறைவாகப் போதும்" என்ற முடிவுக்கு வர அதிக நேரம் எடுக்காது. என் கவலை அதுதான்.

கட்டங்கள் வந்த கதை

இது எமக்கும் புதிதல்ல. இலங்கையின் முதல் முறையான தொகைமதிப்பு 1871இல் நடந்தது. தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு வரிகளாகப் பிரித்தது 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு. அதே அட்டவணை முஸ்லிம்களையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்தது. ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி கடைவீதிகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த எத்தனையோ குடும்பங்கள் அந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருந்தன. 1971இல் அதில் சுமார் 27 ஆயிரம் பேர் எஞ்சியிருந்தார்கள். இன்றைய அட்டவணைகளில் அப்படி ஒரு வரியே இல்லை. அந்தக் குடும்பங்கள் மறைந்துவிடவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். கட்டம் மறைந்தது, அவ்வளவுதான்.

தோட்ட மக்களின் விடயத்தில் கட்டம் அவ்வளவு இலகுவாக மறையவில்லை. அதில் இருந்ததாலேயே வாழ்க்கை தலைகீழானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க முழுக்க எண்களால் ஆனது: மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர், அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்த்துக்கொள்வோம். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1971இல் 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேலிருந்த இந்தியத் தமிழர் 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமானதில், கப்பலேறியவர்களும் உண்டு, கட்டம் மாறியவர்களும் உண்டு. எஞ்சிய நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இப்படிப்பட்ட வரலாறு உள்ள ஒரு சமூகத்திடம், கையில் டெப்லட் கருவியோடு வந்து நின்று "உங்கள் இனம் என்ன?" என்று கேட்டால், வரும் விடையில் பயமும் கௌரவமும் சேர்ந்தே இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த அட்டவணையை வாசிக்கக் கூடாது.

இனத்தின் பெயரை வைத்துத் தேவையை அளக்க முடியாதென்றால் வேறு எதை வைத்து அளப்பது? வாழும் இடத்தையும் வாழும் நிலையையும் வைத்து. அதற்கென்று அரசிடம் ஒரு பிரிப்பு உண்டு. ஆனால் அதிலும் ஓட்டைகள் இருக்கின்றன.

தோட்டம் என்றால் எது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை மூன்று துறைகளாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரம். 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், அங்கேயே தங்கியிருக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டம் தோட்டத்துறை. மிச்சமெல்லாம் கிராமம். 2012 கணக்கில் நகரம் 18.2 வீதம், கிராமம் 77.4 வீதம், தோட்டம் 4.4 வீதம்.

இந்த வரைவிலக்கணத்தை ஒருமுறை எங்கள் ஊர்களில் பொருத்திப் பாருங்கள். மஸ்கெலியா பஸாரிலும் பொகவந்தலாவை பஸாரிலும் நெருக்கமாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரிகள் அரசின் கணக்கில் நகரவாசிகள் அல்லர். அந்த பஸார்கள் பிரதேச சபையின் கீழ் வருகின்றன. ஹட்டனில் ஒரு பின் ஒழுங்கையில் வாடகை அறையில் இருக்கும் கூலித் தொழிலாளி நகரவாசி. (முன்பிருந்த பட்டின சபைகள் 1987இல் நீக்கப்பட்டதும் அவை கிராமக் கணக்கில் சேர்ந்துவிட்டன. 1981இல் 21.5 வீதமாக இருந்த நகரச் சனத்தொகை 2012இல் 18.2 வீதமானதற்கு இது முக்கிய காரணம். கடைகளும் கட்டடங்களும் பெருகிக்கொண்டிருக்க, நாடு காகிதத்தில் கிராமமாகிக்கொண்டிருந்தது.)

தோட்டத்துறையின் வரைவிலக்கணம் நிலத்தையும் தொழிலாளரையும் பற்றியது. அது எழுதப்பட்ட காலத்தில் லயத்தில் இருப்பவரெல்லாம் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள். இன்று எனது வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் பெற்றோரின் தொழிலைக் கேட்டால், தாய் தகப்பன் இருவரும் கொழுந்து மலைக்குப் போகும் குடும்பம் சிறுபான்மை. தகப்பன் புறக்கோட்டையில் கடை வேலை, தாய் மத்திய கிழக்கில், பிள்ளை பாட்டியோடு லயத்தில். இந்தக் குடும்பம் தோட்டத்துறைதான். நாளை அதே பாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலவாக்கலை நகரில் அறை எடுத்தால் நகரத்துறை. வருமானமும் கடனும் மாறவில்லை, துறை மாறிவிட்டது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேற வெளியேற, தோட்டத்துறையின் சராசரி இன்னும் கீழே இறங்கும். வெளியேறியவர்களின் கஷ்டமோ கிராமம், நகரம் என்ற பெரிய சராசரிகளுக்குள் கரைந்துபோகும். ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுத் திட்டங்கள் எந்தத் துறையில் எழுதப்பட வேண்டும் என்பதையும் தெளிவாகத் தீர்மானித்து வெளியிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், தனி வீடு கிடைத்தவர்களையெல்லாம் கிராமக் கணக்கில் தள்ளிவிட்டால், வீட்டுத் திட்டத்தால் தோட்டங்களில் என்ன முன்னேற்றம் வந்தது என்பதை எவராலும் ஒருபோதும் அளக்க முடியாது.

8.8 வீதமா, 33.8 வீதமா?

இனி வறுமைக்கு வருவோம். திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி தோட்டத்துறையில் வறியவர்களின் பங்கு 2006/07இல் 32.0 வீதம். 2009/10இல் 11.4 வீதம். 2012/13இல் 10.9. 2016இல் 8.8. பிறகு 2019இல் 33.8.

இந்த வரிசையை நான் பத்தாம் தரத்தில் கரும்பலகையில் எழுதி வரைபு வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை வரைந்துவிட்டுச் சிரித்தாள். சறுக்குமரம் மாதிரி இறங்கி, கடைசியில் மதிலில் ஏறுகிறது. மூன்றே வருடத்தில் வறுமை மூன்றில் ஒரு பங்காவதும், இன்னொரு மூன்று வருடத்தில் நான்கு மடங்காவதும் மனிதர் வாழ்க்கையில் இலேசாக நடக்கும் காரியமல்ல. இரண்டாவது பாய்ச்சலுக்கு விடை எளிது. 2016 வரை பயன்படுத்தியது 2002ஆம் ஆண்டின் நுகர்வைக் கொண்டு வரையப்பட்ட வறுமைக்கோடு. ஆளுக்கு மாதம் 4,166 ரூபா என்று 2016இல் அது நின்றது. 2019க்கு 2012/13ஆம் ஆண்டின் நுகர்வைக் கொண்டு புதிய கோடு வரைந்தார்கள், 6,966 ரூபா. அளவுகோல் மாறியதால் நாடு முழுவதற்குமான வறுமையும் 4.1 வீதத்திலிருந்து 14.3 வீதமாகத் தெரிந்தது. ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

ஆனால் அளவுகோல் பழசாகியிருந்த அந்த வருடங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளை யார் திருப்பித் தருவார்கள்? 2016இல் தோட்டத்தில் நூற்றுக்கு 9 பேர் கூட வறியவர் இல்லை என்று அரச ஏடு சொன்னது. அதே 2016இல் அதே திணைக்களம் நடத்திய குடிசன, சுகாதார அளவீடு வேறொன்றைச் சொன்னது: தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தேசிய சராசரி 17.3 வீதம். நுவரெலியா மாவட்டம் 32.4 வீதம்.

ஒரே ஆண்டு, ஒரே மக்கள், ஒரே திணைக்களம். பணக் கணக்கில் பதினொரு பேரில் ஒருவர் வறியவர். உயரக் கணக்கில் மூன்று பிள்ளைகளில் ஒன்று வளர்ச்சி குன்றியது. இரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்திருந்தால் வறுமைக்கோடு பழசாகிவிட்டது என்பதை 2019 வரை காத்திராமலே கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் பாடசாலையில் தினமும் காண்பதும் உயரக் கணக்கைத்தான். ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளை நான்காம் தரத்துப் பிள்ளையின் உயரத்தில் நிற்கும். காலை இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்ப்பது சோம்பலால் அல்ல.

சரி செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பணத்தை மட்டும் பார்க்காமல் கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் மூன்றையும் சேர்த்து அளக்கும் பல்பரிமாண வறுமைச் சுட்டியைத் திணைக்களம் 2019 தரவைக் கொண்டு வெளியிட்டது. அதன்படி நாட்டில் 16.0 வீதமானோர் வறியவர், தோட்டத்துறையில் 51.3 வீதம். எங்கள் கண்ணுக்குத் தெரியும் மலையகத்துக்கு இந்த எண் நெருக்கமானது.

ஆனாலும் அது 2019. பிறகு கொரோனா வந்தது, உரத் தடை வந்தது, 2022இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வீழ்ச்சி வந்தபோது கொள்கை வகுப்பவர்களின் கையில் இருந்தது மூன்று வருடம் பழைய கணக்கு. 6,966 ரூபாவாக இருந்த வறுமைக்கோடு 2024இல் 16,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கொரு முறை பெரிய அளவீடு நடத்துவதோடு, இடைப்பட்ட காலத்தில் சிறிய விரைவு அளவீடுகளும் வேண்டும் என்பது நிபுணர்கள் மட்டும் பேச வேண்டிய விடயமல்ல. மாவின் விலை இரண்டு மடங்கான மாதத்தில் உதவி யாருக்குப் போக வேண்டும் என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

ஒரு கதவு, இரண்டு அடுப்பு

உதவி என்றதும் அஸ்வெசும நினைவுக்கு வரும். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் தொடங்கிய இத்திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளியிடுகிறது. அரசியல்வாதியின் கடிதத்துக்குப் பதில் அளவுகோல் என்பது நல்ல மாற்றம்தான். சமுர்த்தி காலத்தில் தோட்டக் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றதை நினைத்தால், இதை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் அளவுகோலுக்குள் போடும் தரவில் இருக்கிறது.

லயன் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, பின்னால் தகரம் இறக்கிய சமையலறை. தாய் தகப்பன், கல்யாணம் முடித்த மகன், அவன் மனைவி, கைக்குழந்தை, படிக்கும் தங்கை. வந்தவர் "எத்தனை வீடு?" என்று கேட்டால் விடை ஒன்று. "எத்தனை அடுப்பு?" என்று கேட்டால் இரண்டு. தொகைமதிப்பில் குடித்தனம் என்பது சேர்ந்து சமைத்து உண்ணும் ஆட்களின் கூட்டம். ஆகவே சரியான விடை இரண்டு குடித்தனம். மகனின் குடும்பத்தைத் தனியாக எழுதாவிட்டால், தகப்பனின் ஊழியர் சேமலாப நிதியில் வாங்கிய தொலைக்காட்சியும் அலுமாரியும் கைக்குழந்தையின் சொத்தாகிவிடும். இந்த வேறுபாட்டைக் கணக்கெடுக்க வருபவர் அறிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, விடை சொல்பவர் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. விண்ணப்பப் படிவம் நிரப்பும் பயிற்சியில் முகவரி எழுதச் சொன்னால், இருபது பிள்ளைகள் ஒரே முகவரியை எழுதுவார்கள்: தோட்டத்தின் பெயர், பிரிவு, தபால் நிலையம். வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் லயத்துக்குப் போகும். முகவரி இல்லாத இடத்தில் மாதிரி எடுப்பதும் கடினம், விடுபட்ட வீட்டைத் திரும்பப் போய்த் தேடுவதும் கடினம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு கதவுக்கும் நிரந்தர இலக்கம் ஒன்று கொடுப்பது கோடிக்கணக்கான ரூபா செலவாகும் வேலையல்ல. மலையகப் புள்ளிவிபரத்தை மேம்படுத்த ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன். வாக்காளர் இடாப்பு, தபால், நிவாரணம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் அந்த இலக்கமே போதும்.

தரவு இல்லை என்று சொல்லவும் முடியாது. குடும்பநல மாது மாதாமாதம் குழந்தைகளை நிறுத்து எழுதுகிறார். தோட்டக் காரியாலயத்தில் தொழிலாளர் பதிவேடு இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் குடியிருப்பாளர் பட்டியல் இருக்கிறது. பாடசாலையில் நாங்கள் வருடாவருடம் தொகைமதிப்புப் படிவம் நிரப்பி மேலே அனுப்புகிறோம். நான்கு ஏடுகள், நான்கு அலமாரிகள். ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டால் எங்கள் ஏட்டில் பெயர் வெட்டப்படும். அவள் வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பப்பட்டாளா, வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தாளா என்பது மற்ற மூன்று ஏடுகளில் ஏதோ ஒன்றில் இருக்கக்கூடும். பெயர்களை வெளியே விடாமல், பிரதேச செயலக மட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை இந்த நான்கின் மொத்தங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே எங்கே பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும்.

எண் வேலை செய்த ஒரு தடவை

எண்ணால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நுவரெலியா மாவட்டத்தின் உதாரணமே போதும். நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் ஒவ்வொன்றும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. நெடுந்தீவில் சில ஆயிரம் பேருக்கு ஒரு பிரதேச செயலகம் இருக்கும் நாட்டில் (அது தீவு, அவர்களுக்கு அது அவசியம்தான்) இங்கே ஒரு சான்றிதழுக்காக மலையிறங்கி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் இந்தச் சனத்தொகை ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருடக்கணக்காக வாதாடினார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அம்பகமுவ மூன்றாகி மஸ்கெலியா, நோர்வூட் பிரதேச சபைகளும், நுவரெலியா மூன்றாகி கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகளும் பிறந்தன. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் நிதி செலவிட வழிசெய்த 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. மேடைப் பேச்சுகள் எவ்வளவோ நடந்தன. எவராலும் மறுக்க முடியாமல் நின்றது அந்த 2 இலட்சம் என்ற எண்.

நாளை இன்னொரு பிரதேச செயலகத்தையோ ஆதார வைத்தியசாலையையோ கேட்கும்போது மேசையில் 2.8 வீதம் என்ற தாள் வைக்கப்பட்டால், மேலே சொன்ன கூட்டல் கணக்கைச் சொல்லித் தர அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எங்கள் பங்கு

இதில் முஸ்லிம்களுக்கு என்ன என்று கேட்கலாம். 2012இல் நுவரெலியா மாவட்டத்தில் இலங்கைச் சோனகர் சுமார் 17,600 பேர், மாவட்டத்தின் 2.5 வீதம். வருமான, செலவின அளவீட்டின் மாதிரி நாடு முழுவதற்கும் 25,000 வீட்டலகுகள். 25 மாவட்டங்களுக்குச் சராசரியாகப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஆயிரம். அதில் 2.5 வீதம் என்றால் 25 வீடுகள். இருபத்தைந்து வீடுகளைக் கேட்டு ஒரு மாவட்டத்தின் முஸ்லிம்கள் வறியவர்களா, வசதியானவர்களா என்று எந்தப் புள்ளிவிபரவியலாளரும் சொல்ல மாட்டார். ஆகவே மலையக முஸ்லிம்கள் எல்லோரும் கடைக்காரர்கள் என்ற பொதுநினைப்பு எந்தத் தடையும் இல்லாமல் உலாவுகிறது. கடையில் சம்பளத்துக்கு நிற்பவரும், முச்சக்கரவண்டி வாடகைக்கு ஓட்டுபவரும், தோட்டத்துக்குள்ளேயே தலைமுறையாக வாழும் சில முஸ்லிம் குடும்பங்களும் எந்த ஏட்டிலும் தெரிவதில்லை. எங்கள் பள்ளிவாசல் நிருவாக சபைகளிடம் சந்தாப் பட்டியல் இருக்கிறது. அதையே கொஞ்சம் விரித்து, குடித்தனம், தொழில், பாடசாலையை விட்ட பிள்ளைகள் என்ற விபரங்களை இரகசியம் காத்து எழுதிவைத்தால், மாதிரி அளவீடு தொட முடியாத இடத்தில் அதுவே ஆதாரமாகும்.

இன்னொன்றும் உண்டு. 1981இல் 7 வீதமாக இருந்த இலங்கைச் சோனகர் 2012இல் 9.3, 2024இல் 10.5 வீதம். இந்த வரிசையைக் காட்டி எங்களுக்கு எதிராகப் பயத்தை விதைத்தவர்களைக் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் நிறையவே பார்த்துவிட்டோம். பங்கு என்பது பின்னம். மேலே உள்ள எண் மட்டுமல்ல, கீழே உள்ள எண்ணும் அதைத் தீர்மானிக்கும். போரினால் இலட்சக்கணக்கான தமிழர் நாட்டை விட்டுப் போனதும், மற்றச் சமூகங்களின் வயதுக் கட்டமைப்பு மூத்துவருவதும் அந்தப் பின்னத்துக்குள் இருக்கின்றன. வயது, பிறப்பு, குடிப்பெயர்வு அட்டவணைகளை முழுமையாகவும் மூன்று மொழிகளிலும் விரைவாகவும் வெளியிடுவதே வதந்திக்கு மருந்து. சிறுபான்மைக்குத் தரவு ஆபத்து என்று நினைத்துக் கணக்கெடுப்பவருக்குக் கதவைச் சாத்துவது எங்களையே இருட்டில் வைக்கும்.

2012 தொகைமதிப்பின் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்ட அட்டவணைகள் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ளன. 2024க்கும் அந்த மட்டம் வரை வேண்டும். தோட்டங்களுக்கு ஒரு படி கீழே, தோட்டப் பிரிவு மட்டத்திலும் வேண்டும். கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திலோ திணைக்களத்திலோ விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகள் வரும் மூன்று கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் எத்தனை குடித்தனம், எத்தனை லயன் அறை, எத்தனை பேருக்குத் தனிக் கழிவறை என்று கேட்டு ஒரு விண்ணப்பத்தைப் பத்தாம் தரப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தத் தவணையில் எழுதுகிறோம். கையொப்பம் என்னுடையது. கேள்விகளை எழுதுவது அவர்கள்.